டிவி எப்போது போடுவீர்கள் என்று கேளுங்கள்

ஜூன் பிறந்துவிட்டால் சளி, காய்ச்சலுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வருவது இந்தக் கேள்விதான்: "டாக்டர், பிள்ளைய எந்த ப்ளே ஸ்கூல்ல போடலாம்?" கும்பகோணம், வலங்கைமான், பாபநாசம் பக்கத்திலிருந்து வருகிற பெற்றோர் அதற்குள் இரண்டு மூன்று இடங்களைப் பார்த்துவிட்டிருப்பார்கள். வேன் வருமா, ஃபீஸ் எவ்வளவு, ஏசி உண்டா, இங்கிலீஷில் பேசுவார்களா, எல்லாம் விசாரித்தாகியிருக்கும். நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்வேன். பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடியாடுகிறார்கள்? டிவி எப்போது போடுவீர்கள்?

"டிவி போடுவீங்களா?" என்று கேட்டுப் பயனில்லை. "அதெல்லாம் இங்க கிடையாதுங்க" என்று பதில் வந்துவிடும். "எப்போது" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். சாப்பாடு ஊட்டும்போது கொஞ்சம், மழை பெய்தால் கொஞ்சம், சாயங்காலம் அம்மா வரத் தாமதமானால் கொஞ்சம். இந்தக் கொஞ்சங்களைக் கூட்டினால் ஐப்பசி மழையில் இரண்டு மணி நேரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். வீட்டில் பார்ப்பது தனிக்கணக்கு.

குழந்தை மருத்துவர் என்ற முறையில் ப்ளே ஸ்கூல்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் உடல் பரிசோதனைக்காகப் பல வருடங்களாகப் போய் வருகிறேன். டிவி கெடுதல் என்று தெரியாமல் அங்கே யாரும் போடுவதில்லை. ஆள் பற்றாத நேரத்தில்தான் போடுகிறார்கள். ஆயாம்மா பாத்திரம் கழுவப் போயிருப்பார். அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை கால்சட்டையிலேயே ஆய் போய்விடும். டீச்சர் அதைக் கழுவிவிடப் போவார். மீதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஹாலில். ரிமோட் தானாகக் கைக்கு வந்துவிடும். ஆகவே "திரையைத் தவிர்ப்போம்" என்று ஒரு போஸ்டரை ஒட்டிவிட்டு வந்தால் ஒன்றும் மாறாது. அந்தந்த நேரத்துக்கு யார் பொறுப்பு, பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று எழுதி வைத்தால்தான் மாறும். திரைக் கொள்கை, விளையாட்டுக் கொள்கை என்று தனித்தனியாக இரண்டு தேவையில்லை. டிவி ஓடும் நேரம் எதுவோ, விளையாட்டு இல்லாமல் போன நேரமும் அதுதான்.

அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்றே ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒன்றிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு 180 நிமிடமாவது உடல் அசைய வேண்டும். மூன்று, நான்கு வயதில் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க, வியர்வை வர ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். திரை, ஒரு வயதுப் பிள்ளைக்கு அறவே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். இரண்டு வயதுக்குள் திரை கூடாது, எப்போதாவது உறவினருடன் வீடியோ காலில் பேசுவது மட்டும் விலக்கு.

அந்த விலக்கு நம் பக்கத்துக்கு முக்கியம். திருவாரூர், நாகப்பட்டினம், மன்னார்குடிப் பக்கம் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற வீடுகள் நிறைய. அப்பாவோடு பத்து நிமிடம் பேசுவதைக்கூட நிறுத்திவிட வேண்டுமா என்று கலங்கிப்போய்க் கேட்ட அம்மாக்கள் உண்டு. வேண்டாம். அப்பா பேசினால் பிள்ளை சிரிக்கிறது, பிள்ளை சிரித்தால் அப்பா திரும்பப் பேசுகிறார். கார்ட்டூன் அப்படித் திரும்பப் பேசாது. பேசி முடித்ததும் போனை வாங்கி உள்ளே வையுங்கள், போதும்.

180 நிமிடம் என்றதும் டீச்சர்கள் மலைத்துப்போவார்கள். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் ஓடச் சொல்லவில்லை. நடப்பது, படியேறுவது, செடிக்குக் குவளையில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது, பாயைச் சுருட்டி மூலையில் வைப்பது எல்லாம் கணக்கில் சேரும். காலை ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி காப்பகத்தில்தான் போகிறது. அதனால் பாதியாவது, அதாவது ஒன்றரை மணி நேரமாவது, அங்கே நடக்க வேண்டும் என்பது என் கணக்கு.

கும்பகோணத்தில் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தும் ப்ளே ஸ்கூல்கள் உண்டு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், சுற்றிலும் கூடம். பிள்ளைகள் ஓடுவதற்கென்றே கட்டிய வீடு மாதிரி இருக்கும். அப்படி ஓர் இடத்தில் முற்றம் முழுக்க உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, ஆண்டு விழாவுக்கு வெட்டிய தெர்மகோல், ஒரு பழைய இன்வெர்ட்டர். கூடத்தில் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய டிவி. அதில் ஒரு கார்ட்டூன் குரங்கு "ஜம்ப், ஜம்ப்" என்று பாடிக்கொண்டே குதிக்கிறது. மூன்று வயதுக் குட்டி ஒருத்தி எழுந்து நின்று கூடவே குதித்தாள். "ஏய், ஆடாம உக்காரு!" என்று ஓர் அதட்டல். உட்கார்ந்துவிட்டாள், ஆனால் முட்டி மட்டும் தாளத்துக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

அந்த டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். அமைதியாக உட்கார்ந்திருக்கிற வகுப்புதான் நல்ல வகுப்பு என்று அவருக்கு மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள், ஃபீஸ் கட்டுகிற நாமும் அப்படியே நினைக்கிறோம். சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிடப் போகிறவர்கள் "இன்னிக்கு என்ன எழுதினான்?" என்று கேட்கிறார்கள். "இன்னிக்கு என்ன ஏறிக் குதிச்சான்?" என்று யாரும் கேட்பதில்லை. பென்சில் பிடிப்பதற்கே தோளும் மணிக்கட்டும் உறுதிப்பட வேண்டும். மண்ணைப் பிசைந்தும் கயிற்றைப் பிடித்துத் தொங்கியும்தான் அந்த உறுதி வரும். மூன்று வயதில் நாலு கோட்டு நோட்டைக் கையில் கொடுத்து வராது.

கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்று 2017இல் மகப்பேறு சலுகைச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி தொடங்கிய இடங்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விழித்திருக்கும் குழந்தையைத் தூளியிலோ நாற்காலியிலோ ஒரே இருப்பாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தவழாத குழந்தையை விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுங்கள், விட்டு விட்டு நாளுக்கு அரை மணி நேரமாவது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். தூங்கும்போது மல்லாக்கத்தான். சக்கரம் வைத்த வட்ட வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடா 2004இலேயே அதைத் தடை செய்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு, அது பிள்ளை தானாக நின்ற பிறகு தள்ளிக்கொண்டு போவது.

திரையால் என்ன கெடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிவி ஓடும் அறையில் பெரியவர்கள் பிள்ளையோடு பேசுவது குறைகிறது. அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. பேச்சு கேட்காமல் பேச்சு வராது. ஆரஞ்சு, பர்ப்பிள் என்று நிறமெல்லாம் சொல்லும் பிள்ளை, தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்கத் தெரியாமல் அம்மா கையைப் பிடித்து இழுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். வெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு. அதற்காகவே தைவானில் 2010இலிருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டம் நடக்கிறது. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். "போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்துவிட்டது" என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. அதை நம்பி, போனை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, கண்ணைப் பார்க்காத, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாத பிள்ளையை அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். போனையும் நிறுத்துங்கள், பரிசோதனையையும் செய்யுங்கள்.

சரி, டெல்டாவில் பிள்ளைகளை ஏன் வெளியே விடுவதில்லை? பயம்தான். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த ஊர்க்காரர்கள் நாம். அதன் பிறகு கூரை என்ன, வழி எத்தனை, தீயணைப்பான் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும், ஒரு புள்ளியும் தளர்த்தக் கூடாது. ஆனால் அந்தப் பாதுகாப்பான கட்டடத்துக்குள் பிள்ளை நாள் முழுக்க என்ன செய்கிறது என்று கேட்கும் வழக்கம் நமக்கு வரவில்லை. அந்தக் கேள்வியும் பரிசோதனைப் படிவத்தில் ஏற வேண்டும்.

இன்னொரு பயம் தண்ணீர். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தால் சில நாட்களில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். பாதி அங்கன்வாடிகளுக்குப் பக்கத்தில் குளமோ வாய்க்காலோ இருக்கும். நடவு நேரத்தில் அம்மாக்கள் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார்கள், மையம் திறக்கும்வரை பிள்ளையை அக்காவும் அக்கா கையில் இருக்கிற போனும்தான் பார்த்துக்கொள்ளும். உலக அளவில் நீரில் மூழ்கி இறப்பது ஒன்று முதல் நான்கு வயதில்தான் மிக அதிகம். அதைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகளில் ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீரிலிருந்து தள்ளிப் பாதுகாப்பான காப்பகம் அமைப்பது. அதாவது அங்கன்வாடி இருப்பதே உயிர் காக்கும் ஏற்பாடு. ஆனால் வேலி இல்லாத மையத்தில் பணியாளர் என்ன செய்வார்? கதவைத் தாழ்ப்பாள் போட்டு, போனை எடுத்து ஒரு பாட்டை ஓடவிடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆக, இங்கே திரை நேரத்தைக் குறைக்கும் முதல் கருவி நாலடி உயரக் கம்பி வேலியும், பிள்ளைக்கு எட்டாத கொக்கியும்.

அங்கன்வாடிப் பணியாளர்கள் மேல் ஏற்றி வைத்திருக்கும் சுமையையும் சொல்ல வேண்டும். 2021இலிருந்து எடை, உயரம், வருகை எல்லாம் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊரில் அதற்கே அரை நாள் போகும். "நாள் முழுக்க நான் போனைப் பாத்துக்கிட்டு, பிள்ளைய பாக்காதேன்னு எப்படிங்க சொல்றது?" என்று ஒரு பணியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கிடையில் மேம்படுத்தப்படும் மையங்களுக்கு எல்இடி திரையும் வருகிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கான பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. அதை வைத்துக்கொண்டு சுவரில் திரையை மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை. வந்துவிட்டது, கழற்ற முடியாது என்றால், அம்மாக்கள் கூட்டத்துக்கும் பணியாளர் பயிற்சிக்கும் பயன்படுத்துங்கள். பிரான்ஸில் 2025இல் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் காப்பகங்களில் திரையே கூடாது என்று அரசாணை போட்டிருக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் சாப்பாட்டு நேரத்திலாவது அணைக்கலாம்.

எழுதிக் கேட்கும் காப்பகங்களுக்கு நான் கொடுப்பது ஒரே ஒரு பக்கம். இரண்டு வயதுக்குக் கீழ் இருக்கும் அறையில் டிவி கிடையாது. மூத்த பிள்ளைகளுக்குப் போட்டால் இருபது நிமிடம், டீச்சர் கூட உட்கார்ந்து, எதற்குப் போட்டோம் என்று நோட்டில் ஒரு வரி. சாப்பிடும்போதும் தூங்குவதற்கு முன்னும் இல்லை. ரிமோட் தலைமை ஆசிரியை மேசையில். காலை ஒன்பதரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன், முக்கால் மணி நேரம் வெளியே. மூன்று மணிக்கு வெயில் தாழ்ந்திருந்தால் இன்னொரு முறை. விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவது தண்டனையாக இருக்கக் கூடாது. கடைசியாக, ஆயாம்மா பாத்திரம் கழுவும் நேரமும் டீச்சர் சாப்பிடும் நேரமும் ஒன்றாக வரக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் மற்ற எல்லாவற்றையும் விட அதிக பலன் தந்தது. இருபது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

மழை நாளுக்கு என்ன செய்வது? நம் களிமண் தரையில் ஒரு மழை பெய்தால் இரண்டு நாளைக்குக் கால் வைக்க முடியாது, உண்மைதான். ஆனால் 'கொக்கு பற பற' விளையாட மைதானம் வேண்டாம், கை விரிக்க இடம் இருந்தால் போதும். 'ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரே பூ பூத்தது' எட்டடி அறையில் நடக்கும். தலையணைகளைப் பரப்பி, தரையில் கால் படாமல் தாண்டச் சொல்லுங்கள், கால் மணி நேரத்தில் எல்லோருக்கும் வியர்க்கும். ஒரு வயதுக் குழந்தைக்குச் 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு' போதும். இந்தப் பாட்டெல்லாம் ஆயாம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரைப் பாத்திரத்தோடு மட்டும் நிறுத்தாமல் அரை மணி நேரம் பிள்ளைகளோடு விடுங்கள்.

பெற்றோருக்குச் செலவில்லாத ஒரு வேலை. அரைக்கால் சட்டை, நழுவாத செருப்பு, மாற்றுத்துணி ஒரு செட் கொடுத்து அனுப்புங்கள். அழுக்கோடு வந்தால் காப்பகத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். கிராமத்தில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபைக்குப் போய் அங்கன்வாடி வேலியைக் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. வாயால் சொன்னால் போதாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.