ஃபேன்டசி: மிகுபுனைவா, தொன்மப் புனைவா?

மந்திரமும் மாயமும் நிறைந்த கதைவகை, காரைக்குடிக் கல்லூரிப் பிள்ளைகள் வாயில் 'ஃபேன்டசி' என்றேதான் புழங்குகிறது. தமிழில் மிகுபுனைவு, கனவுருப்புனைவு, மாயப்புனைவு என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். மூலம் கிரேக்கச் சொல்லான 'பான்டாசியா'. கண்முன் தோன்றச் செய்வது என்று பொருள். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கனவுக்கும் மூலத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லாததால் என் ஓட்டு மிகுபுனைவுக்கு. வாயிலும் சுலபமாக நுழைகிறது.

சரி, பழங்கதையை எடுத்து மாற்றிக் கட்டும் நாவல்களை என்ன சொல்வது? ஹாரி பாட்டர் முதல் நாவலில் (1997) பள்ளிக்கூடத்து ரகசியக் கதவை மூன்று தலை நாய் காக்கிறது. இசை கேட்டால் தூங்கிவிடும். கிரேக்கப் பாதாள வாசலைக் காக்கும் கெர்பரஸ்தான் அது. ஆர்ஃபியஸ் அதை யாழிசையால் மயக்கிய கதை மிகப் பழையது. இந்த வகைக்குத் தொன்மப் புனைவு என்ற பெயர் பொருந்தும்.

தொன்மத்தைக் குறிக்கும் ஆங்கில 'மித்' என்பதன் மூலமான கிரேக்க 'மூதோஸ்' முதலில் பேச்சு, கதை என்ற அளவில்தான் இருந்தது. (மூத்தது, மூதோஸ் என்று வேர் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் நான் போகவில்லை.) நம் தொன்மம், தொன்மையிலிருந்து வந்தது. தொல்காப்பியச் செய்யுளியல், நூலுக்குரிய எட்டு வனப்புகளில் (அழகுகளில்) ஒன்றாகத் தொன்மையை வைத்து, 'உரையொடு புணர்ந்த பழமை மேற்றே', அதாவது உரையோடு கலந்து வரும் பழங்கதை என்கிறது. புதிதாகப் புனைவதற்கும் அங்கேயே ஒரு பெயர் உண்டு: விருந்து.

மாற்றிக் கட்டுவது எப்படி என்று செட்டிநாட்டில் விளக்கவே வேண்டாம். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து, பங்குனிக்குப் பங்குனி விழாவில் கம்பராமாயணம் கேட்டுப் பழகிய ஊர். வால்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். கம்பனிலோ அவளைத் தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டால் அழிவான் என்ற பழைய சாபத்தைக் கம்பன் அங்கே காரணமாக்குகிறான். சம்பவம் அதேதான், ஆனால் சீதையும் மாறிவிட்டாள், இராவணனும் மாறிவிட்டான். கம்பனை ஃபேன்டசி எழுத்தாளன் என்றால் விழாப் பந்தலில் ஆச்சிமார் விடமாட்டார்கள். செய்த வேலை என்னவோ இதே வேலைதான்.

ஆக, பழங்கதையை அப்படியே திருப்பிச் சொன்னால் அது புராணக் கதை. அதன் காரணத்தையோ இடத்தையோ ஆளையோ மாற்றினால் தொன்மப் புனைவு. மந்திரக்கோலும் பறக்கும் நாகமும் மட்டும் இருந்தால் மிகுபுனைவு என்று எழுதினால் போதும்.