பந்துப் படத்தைத் தொடும் குழந்தை எதைப் பார்த்துத் தொடுகிறது?

ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆட்டிசம் உள்ள அவர் மகன், மேசையில் மூன்று அட்டைகளைப் பரப்பி "பந்து எது?" என்றால் டக்கென்று சரியான அட்டையைத் தொட்டுவிடுகிறான், ஆனால் காலடியில் கிடக்கும் நிஜப் பந்தைக் காட்டச் சொன்னால் முழிக்கிறான், வேறொரு பந்துப் படத்தைக் கொடுத்தாலும் அதே கதைதான், இது மறதியா, அடமா என்று. மறக்கவும் இல்லை, அடமும் பிடிக்கவில்லை. ஏதோ ஒன்றை நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறான், ஆனால் அது நாம் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயமாக இல்லாமல் இருக்கலாம்.

வழக்கமான முறை பலருக்கும் தெரிந்ததுதான். ஆசிரியர் பெயரைச் சொல்வார், குழந்தை அட்டையைத் தொட வேண்டும், தடுமாறினால் சுட்டிக்காட்டியோ கையைப் பிடித்தோ உதவி, சரியாகத் தொட்டால் அதற்குப் பிடித்த ஏதாவது கிடைக்கும், போகப்போக உதவியைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

இதில் சரியான அட்டையைத் தொட எத்தனை குறுக்குவழிகள் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். எப்போதும் இடது ஓர அட்டையையே தொடும் குழந்தைக்கு, விடை மூன்று இடங்களிலும் சமமாக மாறி வந்தால், 9 கேள்வியில் 3 சரியாகிவிடும். ஆசிரியர் தன்னை அறியாமல் விடையை இடப்பக்கம் அதிகம் வைப்பவராக இருந்தால் மதிப்பெண் எகிறும். அடுத்தது, "பந்து", "பந்து", "பந்து" என்று தொடர்ந்து ஒன்றையே கேட்பது. அங்கே காதுக்கு வேலையே இல்லை. எந்தப் படத்தைத் தொட்டால் பரிசு வருகிறதோ அதைத் தொட்டால் போதும், நீங்கள் இருமினாலும் அதையேதான் தொடும். பந்து, கோப்பை, செருப்பு மூன்றையும் முதலிலிருந்தே கலந்து கலந்து கேட்டால்தான் சொல்லைக் காதில் வாங்கியாக வேண்டும். ஒவ்வொன்றாகப் படிய வைத்துவிட்டுப் பிறகு கலப்பது, ஆரம்பத்திலேயே கலப்பது, இரண்டையும் 2011-இல் ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே கலந்ததுதான் நம்பகமாகப் பலன் தந்தது. முதலில் எளிது, பிறகு கடினம் என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம், இங்கே அதுவே காலை வாரிவிடுகிறது.

அப்புறம் ஆசிரியரின் கண். விடை இருக்கும் அட்டையை அவர் ஒரு கணம் பார்த்தால் போதும். விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லி, கணக்குப் போடும் குதிரை என்று ஜெர்மனியில் பேரெடுத்த ஹான்ஸ், கேட்பவரின் மெல்லிய உடலசைவைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியது என்று 1907-இல் உளவியலாளர் ஃபுங்ஸ்ட் காட்டினார். மனிதர்கள் இதிலிருந்து பாடம் கற்கவில்லை. ஆட்டிசம் உள்ளவரின் கையைத் தாங்கிப் பிடித்துத் தட்டச்சு செய்ய வைத்து, அவர் மனதில் உள்ளதெல்லாம் வெளியே வருகிறது என்று 1990-களில் கொண்டாடினார்கள். 1993-இல் ஒரு சோதனையில் கையைப் பிடித்தவருக்கும் தட்டச்சு செய்தவருக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டியபோது, தட்டச்சில் வந்த பெயர் கையைப் பிடித்திருந்தவர் பார்த்த படத்தின் பெயர்! ஒரே ஒரு படத்தை மாற்றினால் உடைந்துபோகும் நம்பிக்கை இன்றும் சில இடங்களில் பிழைத்திருப்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 1971-இல் உளவியலாளர் லோவாஸின் குழுவினர் ஒளி, ஒலி, தொடுதல் மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுத்து, அவை வரும்போது ஒரு கம்பியை அழுத்தக் குழந்தைகளைப் பழக்கினார்கள். பிறகு மூன்றையும் பிரித்துத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் இல்லாத குழந்தைகள் மூன்றுக்கும் அழுத்தினார்கள், ஆட்டிசம் உள்ளவர்களோ பெரும்பாலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். (இது ஆட்டிசத்துக்கு மட்டும் உரியதல்ல, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடமும் காணப்படுகிறது என்று பிற்பாடு தெரிந்தது.) இதைப் பந்து அட்டைக்குப் பொருத்துங்கள். குழந்தை பற்றிக்கொண்டது சிவப்பு நிறமாக இருக்கலாம், லேமினேஷனின் பளபளப்பாக இருக்கலாம், அந்த ஒரு அட்டையில் மட்டும் மடங்கிப்போன மூலையாகக்கூட இருக்கலாம். மூலை மடங்கிய அட்டையைத் தொடு என்பதுதான் அதன் பாடம் என்றால், அதில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறது!

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சிவப்புச் செருப்பையும் நீலப் பந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் "பந்து" என்று சொல்லுங்கள். செருப்பைத் தொட்டால் நிறம்தான் வேலை செய்கிறது. அப்போது பந்துகளின் நிறம், அளவு, பின்னணி, அட்டையின் தாள் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும், பந்து என்ற ஒன்று மட்டும் மாறாமல் இருக்கும்வரை.

நிஜப் பந்து விஷயமும் ஆய்வில் வந்ததுதான். 2008-இல் ப்ரெய்ஸ்லர் என்ற ஆய்வாளர், பேச்சு மிகக் குறைவாக இருந்த ஆட்டிசக் குழந்தைகளுக்கு முன்பின் அறியாத ஒரு பொருளின் பெயரைப் படத்தை வைத்துக் கற்றுக்கொடுத்தார். பிறகு படத்தையும் அசல் பொருளையும் வைத்துக் கேட்டபோது பலர் படத்தையே எடுத்தார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் அந்தத் தாளின் பெயர். ஆகவே அட்டை முழுதாகப் படியட்டும் என்று காத்திருக்காமல், அசல் பொருளையும் முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குச் செலவு குறைவு, பணமோ அதைவிடக் குறைவு. ஆட்டிச ஆய்வுப் பணத்தில் பெரும்பங்கு மரபணுவுக்கும் மூளைக்கும் போகிறது. அது தேவைதான், ஆனால் நாளைக் காலை வகுப்புக்குள் போகும் ஆசிரியருக்கு அதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

உளவியலாளர் சிட்மனின் 1971 ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். கடுமையான அறிவுசார் குறைபாடு இருந்த 17 வயதுப் பையனுக்கு, பெயரைக் கேட்டுப் படத்தைக் காட்டவும் படத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லவும் ஏற்கெனவே தெரியும், எழுத்து மட்டும் தெரியாது. பெயரைக் கேட்டு எழுதப்பட்ட சொல்லை எடுப்பதை மட்டும், 20 சொற்களுக்கு, கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுக்காத இரண்டு வேலைகள் கூடவே வந்து சேர்ந்தன: எழுதிய சொல்லைப் படத்தோடு பொருத்தினான், சொல்லைப் பார்த்து வாய்விட்டுப் படித்தான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பாடத்தைத் திட்டமிடும்போதும் இன்று இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்: சில இணைப்புகளை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, மீதி தானாக வந்ததா என்று பரிசு எதுவும் கொடுக்காமல் ஒருமுறை கேட்டுப் பார்க்கிறார்கள், வந்திருந்தால் அந்தப் பாடத்தை அப்படியே தாண்டிவிடுகிறார்கள்.