கடைசி ஸ்வரம் வரை காத்திருக்கும் மனம்

வேலூரில் உறைபனி பெய்யாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. டிசம்பர் பின்னிரவில் போர்வை தேடுவதே இங்கே பெரிய குளிர். ஆனாலும் தோட்டப்பாளையத்திலும் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் கிறிஸ்துமஸ் கேரல் பாட வீடு வீடாகப் புறப்படும் பிள்ளைகள், வெண்பனியையும் பனிச்சறுக்கு வண்டியின் மணியோசையையும் பற்றிய பாட்டுகளைத் தங்கள் சொந்தப் பாட்டாகவே பாடுகிறார்கள். கேட்பவர்களுக்கும் நெஞ்சு நெகிழ்கிறது. பனியைக் கண்ணால் பார்த்தே இராதவரைப் பனிப் பாட்டு ஏன் கலங்க வைக்க வேண்டும்? சொற்களில் மட்டும் தேடினால் விடை கிடைக்காது. மெட்டின் கட்டமைப்பையும், அந்த மெட்டோடு மூளை முடிந்து வைத்திருக்கும் நினைவுகளையும், கூடிப் பாடும்போது உடம்பில் நடப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மெட்டு. தமிழ்த் தேவாலயங்களில் பாடும் பாமாலைப் புத்தகத்தில் ‘ஒப்பில்லா திரு இரா’ என்று இருக்கும் பாட்டை எடுத்துக்கொள்வோம். உலகம் ‘சைலன்ட் நைட்’ என்று அறிந்திருப்பது இதைத்தான். யோசப் மோர் என்ற பாதிரியார் 1816இல் ஜெர்மன் மொழியில் எழுதிய வரிகளுக்கு ஃபிரான்ஸ் சேவர் குரூபர் மெட்டமைத்தார். 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் என்ற சிற்றூரில் கிடார் துணையோடு இருவரும் அதை முதன்முதலாகப் பாடினார்கள். வீடு வீடாகக் கிடாரைத் தூக்கிக்கொண்டு போகும் நம் கேரல் குழுவினர், அந்த முதல் இரவுக்கு மிக அருகில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நம் முறையில் ஸ்வரம் சொன்னால் பாட்டின் தொடக்கம் ‘ப த ப க’. பஞ்சமத்தில் நின்று, ஒரு படி மேலே தொட்டுத் திரும்பி, காந்தாரத்தில் வந்து அமர்கிறது. உடனே அதே அசைவு மறுபடியும். நடையோ மூன்று மூன்றாகச் சாயும் திஸ்ரம், தாலாட்டின் ஆட்டம். தாலாட்டுக்கு உடம்பு இணங்குவதற்கு மொழி கூட வேண்டியதில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்கக் குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டே இராத அயல்மொழித் தாலாட்டுகளைப் போட்டுக் காட்டியபோது, மற்ற பாட்டுகளைக் கேட்டபோது இருந்ததைவிட அவர்களுடைய இதயத் துடிப்பு தணிந்திருந்தது.

இந்த மெட்டில் என்னை மிகவும் வியக்க வைப்பது இன்னொன்று. பாட்டு மேல் ஸட்ஜத்தைப் பல முறை தொடுகிறது. கடைசிக்குச் சற்று முன்னால் அதற்கும் மேலே மத்யமம் வரை ஏறுகிறது. ஆனால் கீழே, பாட்டின் இருப்பிடமாக நிற்கும் ஆதார ஸட்ஜத்தைக் குரல் ஒரு முறை கூடத் தொடுவதில்லை. கிடார் அதை முதல் மீட்டலிலிருந்தே ஒலித்துக்கொண்டிருக்கிறது. காதுக்கு இருப்பிடம் தெரியும், குரல்தான் போய்ச் சேரவில்லை. கடைசி அடி மேல் ஸட்ஜத்திலிருந்து ‘ஸ ப க ப ம ரி ஸ’ என்று இறங்கும்போது, ஆக இறுதி ஸ்வரத்தில்தான் அது கீழ் ஸட்ஜத்தை முதன்முறையாக அடைகிறது. பாடிப் பாருங்கள். அந்த இடத்தில் மூச்சு தானாகவே முழுவதும் வெளியேறும்.

இப்படிக் காக்க வைப்பதில்தான் இசை இன்பத்தின் பெரும்பகுதி இருக்கிறது. இசையைக் கேட்கும்போது மூளை அடுத்து வரப்போகும் ஸ்வரத்தை ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது. 2011இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சாட்டோர் குழுவினர், உடல் சிலிர்க்கும் அளவுக்குத் தங்களுக்குப் பிடித்த இசையை மக்களே தேர்ந்தெடுத்துக் கொண்டுவரச் சொல்லி, கேட்கும்போது அவர்களுடைய மூளையை ஸ்கேன் செய்தார்கள். சிலிர்ப்பு வருவதற்கு முந்தைய நொடிகளில், எதிர்பார்ப்பின்போதே, காடேட் என்ற பகுதியில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சுரந்தது. சிலிர்ப்பின் உச்சத்தில் அது நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற இன்னொரு பகுதியில் சுரந்தது. பசித்தவனுக்குச் சோறு கிடைக்கும்போது வேலை செய்யும் அதே வெகுமதிப் பாதை இது. தெரிந்த பாட்டு அலுக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம்: எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்தால்தானே எதிர்பார்க்க முடியும்!

‘ஜாய் டு தி வேர்ல்ட்’ என்ற கிறிஸ்துமஸ் பாட்டு இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ஐசக் வாட்ஸ் 1719இல் வெளியிட்ட வரிகள் அவை. இன்று பாடும் மெட்டின் முதல் எட்டு ஸ்வரங்கள் ‘ஸ நி த ப ம க ரி ஸ’, அதாவது சங்கராபரண ராகத்தின் அவரோகணம், இறங்கு வரிசை, அப்படியே. எதையும் ஒளித்து வைக்காமல், உச்சியிலிருந்து தரை வரை முதல் வரியிலேயே கொட்டிவிடுகிறது. விரைவான நடையும் இந்த ஸ்வர வரிசையும் சேர்ந்தால் கேட்பவர்கள் பெரும்பாலும் ‘மகிழ்ச்சி’ என்றே சொல்வார்கள். காமரூன் நாட்டு மலைப்பகுதியில் மேற்கத்திய இசையைக் கேட்டிராத மாஃபா மக்கள் கூட, மேற்கத்திய இசைத் துணுக்குகளில் மகிழ்ச்சி, சோகம், அச்சம் ஆகியவற்றைக் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே அடையாளம் கண்டார்கள் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் எல்லாமே பிறவியில் வருவதில்லை. எந்த ஸ்வரக் கூட்டு இனிமை, எது கரகரப்பு என்ற மேற்கத்தியப் பாகுபாடு பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் இல்லை. அவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே பிடித்திருந்தன.

இந்த வகையில் வட ஆற்காட்டுக் கிறிஸ்தவக் குழந்தையின் காது பேறு பெற்றது. 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவிய ஸ்கடர் சகோதரர்களைப் போன்ற மிஷனரிகளோடு வந்த மேல்நாட்டு மெட்டுகள் ஒரு பக்கம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் வளர்த்த, ராகமும் தாளமும் தலைப்பிலேயே அச்சிடப்பட்ட கீர்த்தனைகள் மறுபக்கம். ஒரே ஆராதனையில் இரண்டையும் கேட்டு வளர்ந்த மூளைக்கு இரண்டு வகையான எதிர்பார்ப்புகளும் பழகிவிடுகின்றன.

இனி நினைவு. கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜனாடா 2009இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டு சொந்த வாழ்க்கை நினைவைக் கிளறும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்நடுப் பகுதி கூடுதலாக இயங்கியது. எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தும் என்றால், கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை வலிமை? நினைவாற்றல் ஆய்வில் ஒரு விதி உண்டு: ஒரு தூண்டல் எத்தனை குறைவான நிகழ்ச்சிகளோடு கட்டப்பட்டிருக்கிறதோ, அத்தனை உறுதியாக அவற்றை மீட்டுத் தரும். ஆண்டு முழுவதும் டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஒலிக்கும் சினிமாப் பாட்டோடு ஆயிரம் சாதாரண நாட்கள் ஒட்டிக்கொள்கின்றன. கேரல் பாட்டோ பதினொரு மாதம் மௌனமாக இருந்து, ஒரே காலத்தில், அதே குளிரில், அதே கேக் வாசனையோடு, அதே ஆட்களுக்கு நடுவே திரும்பி வருகிறது. வேறு நினைவுகள் அதன்மேல் படிவதற்கு இடமே கிடைப்பதில்லை. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மார்கழி விடியலில் திருவெம்பாவை கேட்டு வளர்ந்தவருக்கு அது செய்வதும், அதே கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் கேரல் கேட்டவருக்கு அது செய்வதும் ஒன்றுதான்.

அதனால்தான் நவம்பர் தொடக்கத்திலேயே கடைகள் இந்தப் பாட்டுகளை ஓடவிடுவது எனக்குக் கவலையாக இருக்கிறது. தள்ளுபடி விற்பனையும் வரிசையில் நிற்கும் சலிப்பும் அந்தப் பாட்டோடு ஒட்டிக்கொள்ள நாமே வழி செய்கிறோம்.

பாட்டு மீட்டுத் தரும் நினைவில் மகிழ்ச்சியும் இழப்பும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். அம்மா இருந்த கிறிஸ்துமஸ்களும் இல்லாத கிறிஸ்துமஸ்களும் ஒரே மெட்டில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. சீனாவில் நடந்து 2012இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், 20, 24, 28 டிகிரி அறைகளில் மக்களை உட்கார வைத்தபோது, 20 டிகிரி அறையில் இருந்தவர்களுக்கே பழைய நாட்களின் ஏக்கம் அதிகம் வந்தது. 20 டிகிரி என்பது வேலூரின் டிசம்பர் இரவு. அதே ஆய்வாளர்கள், இசை அந்த ஏக்கத்தைத் தரும்போது உடம்பில் கதகதப்பை உணர்வதாக மக்கள் சொன்னதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேட்பதைவிடப் பாடுவது ஒரு படி மேல். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் பியோர்ன் விக்ஹோஃப் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து துதிப்பாடல் பாடியவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. காரணம் எளிமையானது. ஒரு வரியைப் பாடுவது நீண்ட வெளிமூச்சு. வரி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கிறார்கள். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது, உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது. ஆகவே சேர்ந்து மூச்சு விடுபவர்களின் இதயமும் சேர்ந்தே அசைகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் கண்டது இன்னும் சுவையானது: பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள், கைவினை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் சேர்ந்தவர்களைவிட விரைவாக ஒருவரோடொருவர் நெருங்கினார்கள். கேரல் குழுவில் முதல் நாள் கூச்சத்தோடு ஓரமாக நின்ற புதியவர், நான்கு வீடு முடிவதற்குள் தேநீர் தம்ளர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பதை இங்கே எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

நீண்ட காலம் பழகிய பாட்டு, மற்ற நினைவுகள் கலைந்த பிறகும் நிற்கக்கூடியது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 2015இல் வெளியான ஆய்வின்படி, நெடுநாள் தெரிந்த இசையோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயில் ஒப்பீட்டளவில் குறைவாகவே சிதைகின்றன. கேரல் குழு போகும் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், புதுப் பாட்டை விட்டுவிட்டு அவருடைய இளமைக்காலத்தில் பாடப்பட்ட ‘பக்தரே வாரும்’ போன்ற பாமாலைப் பாட்டை எடுக்கலாம். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் பதிந்தவையே பெரும்பாலும் ஆழமாக நிற்கின்றன. டிரம்மை நிறுத்திவிட்டு, நடையைத் தளர்த்தி, முதல் வரியை மட்டும் பாடிவிட்டு, அடுத்த வரியை அவர் எடுக்கக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.