லேண்ட்ஸ்கேப்பிங்: எழிலூட்டலா, வளவமைப்பா?

போன மாதம் நண்பர் ஒருவர் தன் புது வீட்டுக்கு வாங்கிய மதிப்பீட்டுத் தாளை அனுப்பியிருந்தார். வயரிங், பிளம்பிங், பெயின்டிங் எல்லாம் முடிந்து, கடைசி வரியில் 'இயற்கையை ரசித்தல்' என்று போட்டு எதிரே ஒரு தொகை. "இது என்ன வேலை?" என்று கேட்டிருந்தார். வீட்டைச் சுற்றிப் புல்தரையும் செடிகளும் வைத்துத் தருவதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். லேண்ட்ஸ்கேப்பிங் என்ற சொல்லை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவு இது. இந்தத் தொடரை நர்சரி விளம்பரத்திலும் தோட்டம் பற்றிய இணையக் கட்டுரைகளிலும் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ரசிப்பது வீட்டில் குடியிருப்பவர். இதுவோ கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துச் செய்கிற வேலை. செய்பவரின் உழைப்பையே அந்தத் தொடர் மறைத்துவிடுகிறது.

லேண்ட்ஸ்கேப் என்ற சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டச்சு மொழியில் அது வெறும் நிலப்பகுதியைக் குறித்த சொல். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓவியர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது நிலக்காட்சி ஓவியம் என்ற பொருளோடு போனது. பிறகு கண்ணெதிரே விரியும் காட்சிக்கும், அப்படி ஒரு காட்சி அமையும்படி நிலத்தைத் திருத்துகிற தொழிலுக்கும் அதுவே பெயரானது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவைக் கட்டடக்கலைஞர் வாக்ஸுடன் சேர்ந்து வடிவமைத்த ஓம்ஸ்டெட், 1865-இல் அதே வாக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பெயரைப் பற்றி நொந்துகொள்கிறார். லேண்ட்ஸ்கேப் நல்ல சொல் இல்லை, ஆர்க்கிடெக்சரும் இல்லை, இரண்டும் சேர்ந்ததும் இல்லை, கார்டனிங் இன்னும் மோசம் என்கிறார். அந்தத் தொழிலுக்கு முன்னோடியாக இருந்தவருக்கே பிடிக்காத பெயரை நாம் உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சரி, 'இயற்கையை ரசித்தல்' கருவியின் பிழை. சுட்டிக்காட்டினால் யாரும் திருத்திக்கொள்வார்கள். எனக்குப் பெரிய வழக்கு 'நில எழிலூட்டல்' என்ற சொல்லோடுதான். அது படித்தவர்கள் யோசித்து ஆக்கியது, தோட்டக்கலைப் படிப்புகளில் வேர்விட்டது, முழுக்கத் தமிழ், காதுக்கும் இனிமை. இருந்தும் அது வேண்டாம் என்கிறேன், அதில் இருக்கும் 'ஊட்டல்' என்ற பகுதிக்காக. வண்ணமூட்டல், மணமூட்டல், மெருகூட்டல் என்று எதை எடுத்தாலும், இருக்கிற ஒரு பொருளின்மேல் வெளியிலிருந்து ஒன்றைச் சேர்ப்பதுதான். நிலத்தையும் நாம் அப்படித்தான் பார்க்கிறோம். வீட்டைக் கட்டி முடித்து, மதிலிலிருந்து மதில்வரை சிமென்ட் போட்டு, கையில் மிச்சமிருக்கும் காசுக்கு நாலு அலங்காரப் பனையும் ஒரு துண்டுப் புல்தரையும் வைத்து 'எழில் ஊட்டி' விடுகிறோம்.

உண்மையில் இந்த வேலை அஸ்திவாரம் தோண்டும் முன்பே தொடங்குகிறது. மழைத்தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி தரைக்கு வாட்டம் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்த நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி எங்கே வரும் என்று தெரியாமல் மரம் எங்கே என்று முடிவுசெய்ய முடியாது. அப்புறம் வெயில். பிற்பகல் முழுக்க மேற்குச் சுவர் வாங்குகிற சூடு இரவிலும் வீட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம், சுவரைவிட்டுத் தள்ளி ஒரு வேம்போ புங்கையோ நின்றால் வீடே மாறிவிடும். நர்சரியில் இடுப்புயரம் நிற்கும் கன்று 15 ஆண்டில் எவ்வளவு விரியும் என்று பார்த்துத்தான் குழி தோண்ட வேண்டும். அரசும் ஆலும் சுவருக்குப் பக்கத்தில் ஆகாது. முருங்கைக் கிளை காற்றில் எளிதில் முறியும், கார் நிறுத்துமிடத்துக்கு மேலே அது கூடாது. குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் வாழையும் கல்வாழையும் செழிக்கும். தண்ணீர் அதிகம் கேட்கிற செடிகளை ஒருபக்கமாகவும், அரளி போல வறட்சி தாங்குபவற்றை வேறுபக்கமாகவும் வைத்தால் கோடையில் பாதி வேலை மிச்சம். இவ்வளவையும் 'எழில்' என்ற ஒரு சொல்லுக்குள் எப்படி அடைப்பது? வாசலோரம் பவழமல்லி வைத்து, விடிகாலையில் அது உதிர்ந்து கிடப்பதைப் பார்க்கிற ஆசை எனக்கும் உண்டு. அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. நிழலும் நீரும் பாதையும் சரியாக அமைந்த இடத்தில் அழகு தானாக வந்து சேர்கிறது.

'நிலத்தோற்றம்', 'நிலக்காட்சி' இரண்டும் புவியியலுக்கும் ஓவியத்துக்கும் பொருந்தும். 'நில அமைப்பு' ஏற்கெனவே மேடுபள்ளத்தைக் குறிக்கப் புழங்குகிறது. 'தோட்ட அமைப்பு' என்று சொல்லலாமே என்பார்கள். ஆனால் கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனமுள்ள விளைநிலம். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டம். மலேசியாவில் ரப்பர் தோட்டம். வீட்டைச் சுற்றிய இடத்துக்கு அது பெரிய சொல். வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குச் சங்கப் பாடல்களில் வரும் 'படப்பை' எனக்கு மிகவும் பிடித்தது. இன்றோ படப்பு என்றால் தெற்கத்திக்காரருக்கு வைக்கோல் போர்தான் நினைவுக்கு வரும், படப்பை என்றால் சென்னைக்காரருக்கு ஊர்ப்பெயர்.

எனக்குச் சரியாகப் படுவது யாழ்ப்பாணத் தமிழின் 'வளவு'. வீடும் வளவும் என்று அங்கே சேர்த்தே சொல்வார்கள். வேலியில் பூவரசும் கிளுவையும், கிணற்றடியில் வாழையும் கமுகும், குசினி என்கிற சமையலறைப் பக்கம் முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்க, வேலிக்குள் அடங்கிய இடம் முழுவதும் வளவு. வளைத்தல் என்பதோடு உறவுள்ள சொல் இது. ஆங்கிலத்தின் கார்டன், யார்டு இரண்டுக்கும் வேர்ப்பொருள் அடைத்த இடம் என்பதுதான். செட்டிநாட்டில் வளவு வீட்டின் உள்முற்றத்தைக் குறிக்குமே, கொங்கில் வீடுகளின் தொகுப்பைக் குறிக்குமே என்று கேட்கலாம். அங்கேயும் சூழ அடைந்த இடம் என்ற கருத்து மாறவில்லை. நாம் 'காம்பவுண்டு' என்று சொல்லிச் சொல்லி மறந்த பொருளை ஈழத்தமிழர் காத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே வீட்டு லேண்ட்ஸ்கேப் டிசைனுக்கு 'வளவமைப்பு'. பூங்காவுக்கும் நெடுஞ்சாலைக்கும் இது பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். அங்கே பூங்கா அமைப்பு, சாலையோர நடவு என்றால் போதும். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் மொழிபெயர்ப்பாளர்களை அலைக்கழிக்கிறது.

தோட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஒருநாள் தோட்டக்காரரோடு நின்று பேசினாலே பாதிப் பிழை போய்விடும். பூப்பாத்தி இருக்க 'மலர் படுக்கை' என்கிறார்கள். பல்லாண்டுச் செடி 'வற்றாத தாவரம்' ஆகிவிட்டது. வற்றுவதும் வற்றாததும் ஆறு, குளத்துக்கு உரியவை. செடியடி மண்ணை இலைதழையால் மூடுவதை மூடாக்கு என்றும் செடிகளாலான வேலியை உயிர்வேலி என்றும் விவசாயிகள் அன்றாடம் சொல்லும்போது, மல்ச்சிங் என்றும் ஹெட்ஜ் என்றும் எழுதிக்கொண்டிருப்பது ஏன்?

நண்பரின் தாளில் அந்த வரியை அடித்துவிட்டு 'வளவு வேலை' என்று எழுதச் சொன்னேன். அதன் கீழே வாட்டம், உறிஞ்சுகுழி, நடைபாதை, மேற்கே 2 புங்கை, பின்பக்கம் வாழை என்று பிரித்துப் போட்டு அனுப்பினார். ஒப்பந்தக்காரர் படித்துவிட்டு முதலில் கேட்டது, உறிஞ்சுகுழி எந்தப் பக்கம் என்று.