ஒயிட் சாஸ் கெட்டிப்படுவது எப்படி?

வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலை ஊற்றிச் சில நிமிடங்கள் கிளறிய பிறகும் ஒயிட் சாஸ் நீர்க்கவே இருந்தால், இன்னொரு கரண்டி மைதாவைத் தூவத்தான் கை போகும். பெரும்பாலும் அது தேவைப்படாது. முதலில் போட்ட மாவே இன்னும் தன் வேலையை முடித்திருக்காது.

மைதாவின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாவுச்சத்து. நுண்ணிய மணிகளாக உள்ள அது, குளிர்ந்த பாலில் சிறிதளவு நீரையே உறிஞ்சும். வெப்பநிலை சுமார் 60 டிகிரி செல்சியஸை எட்டும்போதுதான் மணிகளின் இறுக்கமான உள்ளமைப்பு குலைந்து, அவை நீரை இழுத்துப் பல மடங்கு உப்பத் தொடங்கும். கொதிநிலையை நெருங்கும்போது உப்பிய மணிகள் ஒன்றையொன்று நெருக்க, அவற்றிலிருந்து கசியும் அமைலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுகள் இடையில் பரவ, பாலிலுள்ள நீர் தடையின்றி ஓட முடியாமல் சாஸ் கெட்டிப்படுகிறது. ஆகவே குமிழிகள் எழுந்து ஓரிரு நிமிடங்கள் ஆகும் வரை பதத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

உலர்ந்த மாவைச் சூடான பாலில் நேரடியாகப் போட்டால், ஒவ்வொரு திரளின் வெளிப்புறமும் உடனே வெந்து பசையாகி, உள்ளே ஈரம் புகாமல் அடைத்துவிடும். கட்டியை உடைத்துப் பார்த்தால் நடுவில் மாவு உலர்ந்தே இருப்பது இதனால்தான். கேழ்வரகுக் கூழுக்கு மாவை முதலில் குளிர்ந்த நீரில் கரைப்பதைப் போல, இங்கே உருகிய வெண்ணெய் துகள்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. பச்சை வாசனை போகும் வரை சிறு தீயில் வறுத்தால் போதும். சிவந்துவிட்டால் மாவுச்சத்து சிதைந்து கெட்டிப்படுத்தும் திறன் குறையும்.

ஒரு கப் பாலுக்கு, அதாவது 240 மில்லிலிட்டருக்கு, 2 மேசைக்கரண்டி மைதாவும் அதே அளவு வெண்ணெயும் பாஸ்தாவுக்கு ஏற்ற பதம் தரும். சூப்புக்கு 1, கட்லெட் கலவையைப் பிணைக்க 3 அல்லது 4. சென்னைக் கடைகளில் கிடைக்கும் ஆவின் பாலில் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதமும் நீல பாக்கெட்டில் 3 சதவீதமும் கொழுப்பு உண்டு; இதனால் வழவழப்பு மாறுமே தவிர, பதத்தைப் பெரிதும் தீர்மானிப்பது மாவின் அளவே.

கரண்டியின் பின்புறத்தில் படிந்த சாஸில் விரலால் கோடு இழுத்தால், அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். ஆறும்போது அமைலோஸ் இழைகள் பிணைந்து மேலும் இறுகும் என்பதால், சற்றுத் தளர்வாகவே இறக்குவது நல்லது. ருசி பார்த்த எச்சில் கரண்டியை வெதுவெதுப்பான சாஸில் மறுபடி இட வேண்டாம். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சிதைத்து, அதை மெல்ல நீர்க்கச் செய்துவிடும்.