பட்டணத்தைப் புதுப்பிக்கிறார்கள்: நம் கையில் இருக்கும் நான்கு வாரம்

மலேசியத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு ‘பட்டணம்’ என்றால் கோலாலம்பூர் இல்லை. சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய், பகாவ் மாதிரி ஊர்களின் இரண்டு வரிசைக் கடைகள்தான். சம்பளம் வாங்கிய கையோடு போய் அரிசி, பருப்பு, பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கி வந்த இடம்.

அந்தக் கடைத்தெருக்கள் ஓய்ந்ததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுதாகத் திறந்தபின், பழைய கூட்டரசுச் சாலையில் ஊருக்குள் புகுந்து போன வண்டிகள் ஊரைத் தொடாமலே போகின்றன. இப்போது பல ஊராட்சி மன்றங்கள் பட்டணத்தைத் திரும்ப எழுப்பப் பார்க்கின்றன. காக்கி லீமாவுக்கு (கடைகளுக்கு முன்னுள்ள கூரையிட்ட நடைபாதைக்கு) புதுத்தளம், கால்வாய், விளக்கு, சுவர் ஓவியம், மார்க்கெட்டுக்கு வேறு இடம், கார் நிறுத்த வசதி என்று வேலை நடக்கிறது. நல்ல வேலைதான், நடக்கவும் வேண்டும். ஆனால் அதில் நம் பேச்சுக்குச் சட்டப்படி எடை இருக்கும் காலம் ஒன்று உண்டு. அதைத் தவறவிடுகிறவர்களே அதிகம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் அத்தை வேறொரு ஊரில் காக்கி லீமாத் தூண் ஓரம் பூ கட்டி விற்றவர். ஈரச் சாக்கு போர்த்திய மல்லிகைக் கூடை, வாழைநார், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அவ்வளவுதான் கடை. ஒருநாள் காலையில் கல் ஏற்றிய லாரி எதிரே வந்து நின்றபோதுதான் அங்கே வேலை நடக்கப்போவதே அவருக்குத் தெரியும். அலுவலகத்துக்குப் போய்க் கேட்டதற்கு, “எல்லாம் முன்னாடியே முடிவாயிடுச்சும்மா” என்றார்கள். எப்போது முடிவானது, அப்போது யாரைக் கேட்டார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை.

அந்த ‘முன்னாடி’ எப்போது வருகிறது என்று பார்ப்போம். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, எந்த நிலத்தில் கடை, எதில் வீடு, எதில் வழிபாட்டுத் தலம், எங்கே சாலை என்று வரைபடம் போட்டுச் சொல்வது உள்ளூர்த் திட்டம். மலாய் அறிவிப்பில் ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ என்று இருக்கும். கடைத்தெரு போன்ற ஒரு பகுதியை மட்டும் எடுத்து விரிவாகப் புதுப்பிக்கப் போடுவது ‘ரஞ்சாங்கான் காவாசான் காஸ்’, அதாவது சிறப்புப் பகுதித் திட்டம். இரண்டுக்கும் வரைவு தயாரானதும் நாளிதழில் அறிவித்து, மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் கொடுத்தாக வேண்டும்.

நான் சொல்ல வந்தது இந்த நான்கு வாரத்தைத்தான். இதில் நிலத்துக்காரர் மட்டுமல்ல, வாடகைக் கடைக்காரர், கோயில் நிர்வாகம், மார்க்கெட்டுக்குப் போகும் பாட்டி என யார் வேண்டுமானாலும் எழுதலாம். நேரில் பேச வேண்டுமென்றால் அதையும் கடிதத்திலேயே கேட்டு எழுதுங்கள். அப்புறம் வரைவு, மாநில முதல்வரான மந்திரி பெசார் தலைமையிலான மாநிலத் திட்டமிடல் குழுவுக்குப் போகும். அங்கே அங்கீகாரம் பெற்று அரசிதழில் வந்துவிட்டால், அதற்கு முரணான கட்டுமானத்துக்கு மன்றம் அனுமதி தர முடியாது. வரைபடத்தில் உங்கள் கோயில் நிலம் வழிபாட்டுத் தலமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, இல்லை கார் நிறுத்துமிடமா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். தோட்டத்து நிலத்தில் எழும்பி, பெயரில் பட்டா இல்லாமல் நிற்கும் கோயில்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

“பக்கத்தில் ஏதாவது கட்டினால் எனக்குக் கடிதம் வருமே” என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு கட்டாயமாக்குவது உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதிகளுக்குத்தான். அதுவும் பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு மட்டும், பதில் எழுத 21 நாள். வாடகைக்கு இருப்பவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். ஆகவே கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

வாடகைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1948 ஜனவரி 31க்குள் கட்டிய பழைய கடைகளுக்கு முன்பு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததோடு அது முடிந்தது. தெரு அழகானால் வாடகை ஏறும், கட்டடம் கைமாறவும் செய்யும். வாய்ப்பேச்சில் முப்பது வருடம் ஓட்டியிருந்தாலும் சரி, இனி எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மூன்று வருடம் வரையிலான வாடகையை நில அலுவலகத்தில் பட்டாவில் குறிப்பேற்ற தேசிய நிலச் சட்டம் வழி வைத்திருக்கிறது. குறிப்பு ஏறிய பிறகு கட்டடத்தை வாங்குபவரையும் அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். இதற்கு உரிமையாளரின் ஒத்துழைப்பு தேவை, முகம் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

தெருவோரச் சிறுவியாபாரத்துக்கு மன்றம் தரும் அங்காடி லைசென்ஸ் இதைவிட மெலிது. காரணம் சொல்லாமலே மன்றம் அதை ரத்து செய்யலாம், இழப்பீடும் கிடையாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனாலும் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அதனால் சிறுவியாபாரிகள் அந்த நான்கு வாரத்துக்குள்ளேயே, “வேலை நடக்கும்போது எங்களுக்கு எங்கே மாற்று இடம், முடிந்ததும் அதே தூணோரம் கிடைக்குமா?” என்று எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

கட்டடம் சொந்தமானவர்களுக்கு, மன்றம் போடும் மதிப்பீட்டு வரி ஏறக்கூடும். அந்தக் கட்டடம் ஆண்டுக்கு எவ்வளவு வாடகை பெறும் என்ற கணிப்பை வைத்துத்தான் பெரும்பாலும் வரி போடுகிறார்கள். புது மதிப்பீட்டு நோட்டிஸ் வந்தால் மூலையில் போடாமல் தேதியைப் பாருங்கள். மறுஆய்வுக்குக் குறித்த நாளுக்கு 14 நாள் முன்பாகவே ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும்.

ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. இன்றைய கவுன்சிலர்கள் மாநில அரசு நியமித்தவர்கள், ஓட்டைக் காட்டி அவர்களைக் கேட்க வழியில்லை. ஆனால் மன்றத்தின் முழுக் கூட்டம், மன்றமே தீர்மானம் போட்டு மூடினாலொழிய, பொதுமக்களுக்குத் திறந்தது. மதிப்பீட்டு வரி கட்டுகிறவர் கூட்டக் குறிப்பைப் பார்வையிடலாம், கட்டணம் செலுத்தி நகலும் வாங்கலாம். சுங்கை சிப்புட்டுக்காரர்கள் இதற்குக் குவாலா கங்சார் நகராண்மைக் கழகத்திடம் போக வேண்டும்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். தலைப்பில் ‘பந்தாஹான்’ (ஆட்சேபம்) என்று போட்டு, வரைவின் பெயர், உங்கள் கடை எண் அல்லது நிலத்தின் லாட் எண், என்ன மாற வேண்டும், ஏன் என்பதைச் சொல்லுங்கள். இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றைக் கவுண்டரில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.