சொந்த வீடா, வாடகையா?

என் கால்நடை கிளினிக்கில் உட்கார்ந்தபடியேதான் அந்த டெய்லர் ஷெல்டருக்கு போன் செய்தார். நாய்க்குட்டி தத்து வேண்டும் என்றார். "சொந்த வீடா, வாடகையா?" என்று கேட்டார்கள். வாடகை என்றதும், "நாங்க கொடுக்கறதில்ல சார்" என்று வைத்துவிட்டார்கள். மொத்தம் ஒரு நிமிடம் இருக்குமா?

இவருடைய நாய் மணி 13 வயதில் கிட்னி கெட்டுப்போய்க் கிடந்தபோது, தையல் வேலையைப் போட்டுவிட்டு 2 வாரம் தினமும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்து சலைன் ஏற்றிப்போனவர். அதைக் கேட்கும் இடம் எந்த ஃபார்மிலும் இல்லை.

ஷெல்டர்காரர்களின் சந்தேகம் வீண் என்று சொல்ல மாட்டேன். "ஆண் குட்டிதான் வேணும்" என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது திருப்பிக் கொண்டுவந்து விடுபவர்கள், மொட்டைமாடியில் கட்டிப்போட்டு மறந்துபோகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்தவர்கள் அவர்கள். கேள்வி கேட்கட்டும். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், கருத்தடைக்குச் சம்மதமா, ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை பேசலாமா. சம்பளம் எவ்வளவு என்று எதற்கு?

இன்னொன்று, ஃபார்மைவிட ஃபாஸ்டர், அதாவது குட்டியைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது, நிறையச் சொல்லும். குட்டியை 2 வாரம் ஒருவர் வீட்டில் விட்டுப் பாருங்கள், ராத்திரி அழும்போது யார் எழுந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். குட்டிக்கும் நல்லது, ஷெல்டர் நெரிசலில் நோய் சீக்கிரம் தொற்றும்.

ஆனால் ஃபாஸ்டருக்குக் கொடுக்கும்போது உண்மையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. கூடப் பிறந்த குட்டி பார்வோ என்கிற வைரஸ் நோயில் செத்ததைச் சொல்லாமல் மீதிக் குட்டியை அனுப்பிவிடுகிறார்கள். வரும்போது துள்ளிக்கொண்டுதான் வரும், ஏனென்றால் கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய பெரும்பாலும் ஒரு வாரம்வரை ஆகும். அப்புறம் ஒருநாள் காலையில் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு மூலையில் போய்ப் படுக்கும், வாந்தி, நாற்றமடிக்கும் ரத்த வயிற்றுப்போக்கு. அந்த வீட்டம்மா தன் மேல்தான் தப்பு என்று அழுதுகொண்டு வருவார். அவர் செய்த தப்பு எதுவும் இல்லை.

ஃபாஸ்டர் செய்பவர்களும் கவனியுங்கள். புதுக் குட்டியை 14 நாள் தனி அறையில் வையுங்கள், தடுப்பூசி முடியாத வேறு குட்டி வீட்டில் இருந்தால் ஃபாஸ்டருக்கு எடுக்கவே வேண்டாம். சாதாரண ஃபினாயிலுக்கு பார்வோ சாகாது, மாதக்கணக்கில் தரையில் கிடக்கும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை. ஒரு ஊசியோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்குதான் மிச்சம். குட்டிதானே என்று பல் பட்ட இடத்தை விட்டுவிடாதீர்கள், 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரேபிஸுக்குக் குட்டி, பெரியது என்றெல்லாம் கிடையாது.

சரி, டெய்லர் கதைக்கு வருகிறேன். 3 வாரம் கழித்து லாப்ரடார் குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். 7,000 ரூபாயாம், 45 நாள் குட்டி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் ஒன்றுகூட முளைக்கவில்லை, தாயிடம் பால் குடிக்க வேண்டிய குட்டி. வயிறு மட்டும் உப்பி, உள்ளே முழுக்கப் புழு.

போன வாரம் அதே ஷெல்டரிலிருந்து போன். "டாக்டர், 6 குட்டி வந்திருக்கு, ரெண்டு வாரம் வெச்சுக்க நல்ல ஆள் யாராவது தெரியுமா?"

ஒருத்தர் இருந்தார், உங்களிடம்தான் முதலில் கேட்டார் என்றேன். இப்போது அவர் வீட்டில் ஊசி முடியாத குட்டி இருக்கிறது, ஜனவரிவரை அனுப்ப முடியாது.